பாஸ்பரஸ் நீரிணையின் நீரோட்டம் தொட்டிக்குள் ஓடிவிட்டது!

மேலே ஒரு திசை, அடியில் எதிர்த்திசை, இரண்டும் ஒரே கண்ணாடித் தொட்டியில். இத்தாலிய அறிஞர் மார்சிலி செய்த சோதனை இது, அதையே நானும் செய்து பார்த்தேன். கருங்கடலையும் மர்மராக் கடலையும் இணைக்கும் பாஸ்பரஸ் நீரிணையில் வெள்ளை பூசிய தக்கைகளைக் கயிற்றில் கோத்து இறக்கி, மேல்தண்ணீர் கருங்கடலிலிருந்து வர, அடித்தண்ணீர் அதை எதிர்த்துப் போவதைக் கண்டவர். பிறகு மேலும் கீழும் துளை போட்ட தடுப்பை நடுவில் வைத்த தொட்டியில் அதையே செய்து காட்டி, 1681ல் அச்சிட்டார்.

தடுப்பு, சிலிகான் ஒட்டு பற்றியெல்லாம் உங்களுக்குத் தெரியும். அக்ரிலிக் தகட்டுக்கு மட்டும் பெயர்ப்பலகை செய்யும் கடையில் வெட்டுத் துண்டு கேளுங்கள், மலிவு. உப்பு விஷயத்தில் பாக்கெட் தூள் உப்பு வேண்டாம், தண்ணீர் கலங்கலாகிவிடும். கல் உப்பைக் கரைத்து வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். ஒரு பக்கம் கருங்கடல் போல லிட்டருக்கு 18 கிராம், மறுபக்கம் மத்தியதரைக் கடல் போல 38.

உயிரை வாங்கியது மேல் துளையையும் கீழ்த் துளையையும் ஒரே நேரத்தில் திறக்கும் வேலைதான். அடைப்பானைக் கையால் பிடுங்கினால் கை கலக்கும் கலக்கலே நீரோட்டம் போலத் தெரியும், அதை எப்படி நம்புவது? கடைசியில் தடுப்பை ஒட்டி மேலும் கீழும் நகரும்படி ஒரு பட்டை வைத்து, அதிலும் அதே இடைவெளியில் இரண்டு துளை போட்டு, வாசலின் தடவிவிட்டேன். பட்டையை இரண்டு விரற்கடை தூக்கினால் இரண்டு துளையும் சேர்ந்து திறக்கின்றன, ஒரு சுழல்கூட இல்லை. இந்தப் பட்டையைப் பற்றி எனக்குப் பெருமைதான்.

திறந்ததும் நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் வைத்திருந்தேன். முதலில் அடியில் மட்டும் நீலச்சாயம் போட்ட உப்புத் தண்ணீர் நாக்கு நீட்டியது, மேல் துளையில் அசைவே இல்லை! அடர்த்தியான பக்கத்தில் அடி அழுத்தம் அதிகம், அதனால் அது தள்ளுகிறது. வந்த தண்ணீரால் மறுபக்க மட்டம் கொஞ்சம் ஏறிய பிறகுதான் மேலே, உப்பு குறைந்த பக்கத்தின் சிவப்புச் சாய இழை எதிர்த்திசையில் கிளம்பியது. 20 செ.மீ. ஆழத்துக்குக் கணக்குப் போட்டால் இரு பக்க மட்ட வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான் வரும்; மேல் நீரோட்டத்துக்கு அதுவே போதும். நிஜத்தில் டான்யூப், டினீப்பர் ஆறுகள் கொட்டுவதால் கருங்கடல் மட்டம் மர்மராவைவிடச் சற்று உயரமாகவே நிற்கிறது, மேல்தண்ணீர் அந்தச் சரிவில் இறங்குகிறது.

அடுத்து, பூமியின் சுழற்சியைத் தொட்டியில் காட்டச் சுழலும் மேசை. நார்வேயின் வடதுருவ ஆய்வாளர் நான்சனின் பிராம் கப்பல் 1893ல் கிளம்பிய பயணத்தில் பனிக்கட்டி காற்றுக்கு வலப்பக்கமாக விலகி மிதந்ததே, பூமியின் சுழற்சிதான் காரணம் என்று ஸ்வீடன் கடலியலாளர் எக்மன் 1905ல் கணக்குப் போட்டு விளக்கினாரே, அதை நேரில் பார்க்க வேண்டும். ஆட்டமில்லாத பேரிங் ஒன்று பழைய இரும்புக் கடைகளில் தேடிக்கொண்டிருக்கிறேன். யாருக்காவது நல்ல இடம் தெரிந்தால் சொல்லுங்கள்.

ஆனால் இந்தத் தொட்டியிலேயே ஒன்று பாக்கி. பாஸ்பரஸின் அடியில் மேடுகள் உண்டு, கீழ் நீரோட்டம் அவற்றின் மேல் ஏறித்தான் போக வேண்டும். அக்ரிலிக்கை வளைத்து ஒரு மேடு செய்துகொண்டிருக்கிறேன், சூடு காட்டும்போது ஓரம் குமிழ் விடுவதுதான் இப்போதைய தலைவலி.