திறந்து வைத்த பெட்டிகள்

எல்லாருடைய ரூமையும் பார்த்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அதைவிட நியாயமாக அன்றைக்கு வேறு என்ன செய்திருக்க முடியும் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள் அப்படித் தோன்ற மறுக்கிறது.

திருப்பூரில் நான் வேலை பார்க்கும் துணி தைக்கும் கம்பெனியில் தீபாவளி போனஸ் கொடுத்த மறுநாள். கம்பெனி ஹாஸ்டலில் தேனிப் பக்கத்து டெய்லர் ஒருவரின் பையிலிருந்த போனஸ் பணம் முழுக்கக் காணாமல் போய்விட்டது. ஃப்ளோர் இன்சார்ஜ் நேராக என்னிடம் வந்தார். "வடக்கத்திப் பசங்க ரூமை மொதல்ல பாத்துருங்க சார். நேரமாச்சுன்னா கை மாத்திருவானுங்க" என்றார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "ஏனுங் சார், நீங்க படமே பாக்கறதில்லீங்களா?"

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. கெட்ட மனிதரும் இல்லை. ஒடிசாப் பையன் ஒருவனுக்கு டெங்கு வந்தபோது விடிய விடிய ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். அதே மனிதருக்குத் திருட்டு என்றதும் அந்தப் பையன்கள் முகம்தான் முதலில் வருகிறது, அதற்குச் சாட்சியாக ஒரு படமும் வருகிறது. இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படிச் சண்டை போடாமல் இருக்கின்றன என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

பார்ப்பதென்றால் எல்லார் ரூமையும் பார்ப்போம், நம்ம ஊர் ஆட்கள் ரூமிலிருந்தே ஆரம்பிப்போம் என்றேன். அப்படியே நடந்தது. எங்கேயும் பணம் கிடைக்கவில்லை. தமிழ் டெய்லர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். "இவனுங்களால எங்க மானமும் போச்சு" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். சந்தேகப்பட்டது இன்சார்ஜ், சோதனை போடச் சொன்னது நான், பழி மட்டும் அந்தப் பையன்கள் மேல்.

அன்று சாயங்காலம் ஓவர்லாக் அடிக்கும் ஒரு பீகார் தம்பி என்னைத் தேடி வந்தார். அவருக்குத் தமிழ் தெரியும். ஆனால் அவர் பேசும் தமிழை அப்படியே எழுதினால் படிப்பவருக்குச் சிரிப்புத்தான் வரும். வட்டிக்கடை சேட்டு வேஷத்துக்கென்றே நம் சினிமா 'நம்பள், நிம்பள்' என்று ஒரு பாஷையைச் செய்து நம் காதில் ஏற்றி வைத்திருக்கிறது. வடக்கிலிருந்து வந்த யார் வாயைத் திறந்தாலும் நமக்கு அந்த வசனம்தான் கேட்கிறது. நல்லவேளை, அன்றைக்கு அவர் இந்தியில்தான் பேசினார். அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"எங்க ரூமை மட்டும் பார்த்திருந்தா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிருக்கும் சார். பெட்டியெல்லாம் திறந்து கட்டில் மேல வச்சிட்டுத்தானே காத்திருந்தோம். இப்ப எங்களால அவங்க பெட்டியையும் திறக்க வேண்டியதாப் போச்சு. நாளைக்கு லைன்ல அவங்க பக்கத்துலதானே உட்காரணும்?"

யார் எடுத்தார்கள் என்று தெரியாதபோது எல்லாரும் ஒன்றுதானே தம்பி என்றேன். சரி சார் என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

பெட்டிகள் திறந்திருந்ததை நானும் பார்த்தேன். நாங்கள் உள்ளே போகும்போதே துணிகளெல்லாம் வெளியே எடுத்து அடுக்கியிருந்தன. பக்கத்து ரூம்களில் ஒவ்வொருவரிடமும் சாவி கேட்டு நிற்க வேண்டியிருந்தது, இங்கே ஒத்துழைக்கிறார்களே என்றுகூட நினைத்தேன். யாரும் சொல்வதற்கு முன்பே, அடுத்து நம்மிடம்தான் வருவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இதில் நான் மற்றவர்களைப் போல வெளியே நின்று பேச முடியாது. எனக்குச் சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். இங்கே வீடு தேடியபோது, ஊர்ப் பெயரைச் சொன்னதும் வீட்டுக்காரர் அரிவாள் இருக்கிறதா என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். மதுரை என்றால் அரிவாள், கோயம்புத்தூர் என்றால் குசும்பு, மலையாளி என்றால் டீக்கடை. இந்த அச்சுகளை வைத்து நாம் எத்தனை படம் பார்த்திருக்கிறோம்! ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் வேறொன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் 1871-இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் பிறகு எங்கள் பக்கமும் வந்தது. ஆட்களின் கைரேகையை எடுத்துப் பதிந்து வைத்ததால் ரேகைச் சட்டம் என்பார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் செத்தார்கள். பிறந்த சமூகத்தை வைத்தே ஒருவனைத் திருடன் என்று எழுதி வைத்த சட்டம் அது.

இன்சார்ஜ் மனதில் வைத்திருந்த படம் 2017-இல் வந்த 'தீரன் அதிகாரம் ஒன்று' என்று பிறகு சொன்னார். வடக்கிலிருந்து வந்து வீடு புகுந்து கொலை செய்து கொள்ளையடித்த கும்பல் ஒன்றின் உண்மை வழக்கை வைத்து எடுத்த படம். அந்தக் கொலைகளும் உண்மை, அலைந்து திரிந்து பிடித்த போலீஸ்காரர்களின் உழைப்பும் உண்மை. அதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது கும்பலோடு நிற்காமல், அவர்கள் பிறந்த சமூகத்தின் கதையையும் சேர்த்துச் சொல்கிறது. ரேகை வைத்த ஊரில் பிறந்த நான் தியேட்டரில் அதைக் கைதட்டித்தான் பார்த்தேன்.

இந்தப் பக்கம் மட்டும்தான் இப்படி என்றும் இல்லை. 1968-இல் வந்த இந்திப் படம் 'படோசன்'. அதில் நகைச்சுவை நடிகர் மெஹ்மூத் குடுமியும் கொச்சை இந்தியுமாக வரும் தென்னிந்தியப் பாட்டு வாத்தியார். 2013-இல் 'சென்னை எக்ஸ்பிரஸ்' வந்தபோதும் நாம் லுங்கியும் அரிவாளுமாகத்தான் இருந்தோம். இந்தியில் டப் செய்த நம் ஊர்ப் படங்கள் பீகாரில் டிவியில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. 2023 மார்ச்சில், இங்கே பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவினவே, அப்போது அந்தத் தம்பியின் அம்மா போனில் அழுதிருக்கிறார். நான் நன்றாக இருக்கிறேன் என்று மகனே சொல்லியும் நம்பவில்லை. தமிழ்நாட்டுக்காரன் நடுத்தெருவில் வெட்டுவதை அவர் ஏற்கெனவே நூறு படத்தில் பார்த்தவர். பீகார் அரசின் குழு திருப்பூருக்கே வந்து விசாரித்துவிட்டுப் போனது. அந்த அம்மா சமாதானமாக அதற்கு மேலும் பல நாள் ஆனது. வதந்தி அன்றைக்குக் கிளம்பியதுதான். அதை நம்ப வைக்கும் வேலையைப் படங்கள் எத்தனையோ வருஷம் முன்பே முடித்திருந்தன.

எல்லாவற்றையும் சினிமா தலையில் கட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்கிறேனோ என்றும் யோசிக்கிறேன். முன்பு ஒரு வடக்கத்திப் பையன் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டான், அந்தப் பணம் இன்சார்ஜ் சம்பளத்தில் பிடித்தம் ஆனது. அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் நம் ஊர் ஆட்களும் அட்வான்ஸோடு போயிருக்கிறார்கள். அவர்கள் பெயர் மட்டும்தான் கெட்டது, அவர்கள் மாவட்டத்தின் பெயர் கெடவில்லை.

அந்தத் தம்பி சொன்னபடி அவர்கள் ரூமை மட்டும் பார்த்திருக்க வேண்டுமா? நிச்சயமாக இல்லை. அப்படிப் பார்த்து, ஒன்றும் கிடைக்காமல் போயிருந்தாலும் சந்தேகம் அவர்கள் மேலேயே நின்றிருக்கும். யார் ரூமையுமே பார்க்காமல் இருந்திருக்கலாமோ? அப்படியானால் போனஸை நம்பி ஊரில் கடன் சொல்லிவிட்டு வந்த அந்த டெய்லருக்கு நான் என்ன பதில் சொல்வது?

பிறகு நிர்வாகம் இதற்கு ஒரு விதி எழுதித் தரச் சொன்னது. இனி ஏதாவது காணாமல் போனால் யார் ரூமையும் நாம் சோதிக்க வேண்டாம், போலீஸில் புகார் கொடுப்போம் என்று எழுதினேன். இன்சார்ஜிடம் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டு, "போலீஸ் வந்தா மட்டும் மொதல்ல யாரு ரூமுக்குங்க சார் போவாங்க?" என்று கேட்டார். அவர் சொல்வது சரிதான். ஆனாலும் நான் அந்த வரியை மாற்றவில்லை.