கணக்கு சேர் தந்த பென்சில்

அப்பா போய் மூண்டாம் மாசம் சோதினை வந்தது, கணக்கில 27. அதுக்கு முதல் நான் ஒரு பாடத்திலயும் பெயில் ஆகினதில்ல. பேப்பரை மடிச்சு கொப்பிக்குள்ள வச்சிட்டு கடைசி வாங்கில போய் இருந்திட்டன். மற்ற ரீச்சர்மார் "பாவம், தகப்பன் இல்லாத பிள்ளை" எண்டு விட்டிட்டினம், கணக்கு சேர் விடேல்ல. இன்ரவலுக்கு கூப்பிட்டு ஒரு பென்சிலைத் தந்து "மாக்ஸைப் பாக்காத, எங்க பிழைச்சது எண்டு நீயே வட்டம் போடு" எண்டார். போட்டுப் பாத்தா பதினொரு வட்டத்தில எட்டு ஒரே பிழை! அடைப்புக்குறிக்கு வெளியில மைனஸ் நிக்க, உள்ளுக்க முதல் உறுப்பின்ர குறிய மட்டும் மாத்திப்போட்டு ரெண்டாவதை அப்பிடியே விட்டிருக்கிறன். எனக்கு கணக்கே ஓடாது எண்டு நினைச்சு அழுததெல்லாம் அந்த ஒரு மைனஸுக்கு.

பிறகு வெளிநாட்டில தொடங்கின பிஸ்னஸ் படுத்தபோதும் பில்லுகளை மேசையில பரப்பி அப்பிடியே வட்டம் போட்டன், கடனுக்கு சாமான் குடுத்த இடம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

ஆனா அப்பாவின்ர சாவுக்கும் நான் வருசக்கணக்கா வட்டம் போட்டிருக்கிறன், ரெண்டு நாள் முந்தி டொக்டரிட்ட போயிருந்தா, அண்டைக்கு நான் வீட்டில நிண்டிருந்தா எண்டு. அதில திருத்த ஒண்டும் இல்ல எண்டு விளங்கவே கனகாலம் எடுத்தது. டெடெஸ்கி, கல்ஹூன் எண்ட ரெண்டு அமெரிக்க உளவியலாளர் 1996இல 21 கேள்வியோட ஒரு அளவுகோல் வெளியிட்டவை, பேரிடிக்குப் பிறகு ஆக்களில வாற வளர்ச்சிய அளக்க. மற்றவையோட நெருங்கிறதும் அதில ஒண்டு. அவை சொல்லுறது, வளர்ச்சி இழப்பால வாறதில்ல, அதோட மல்லுக்கட்டுறதாலதான், வளர்ந்தாலும் துக்கம் பக்கத்திலயே இருக்கும் எண்டு. எனக்கு இது பெரிய ஆறுதல். "எல்லாம் நன்மைக்கே" எண்டு வந்து சொன்ன ஆக்களில அப்ப எனக்கு வந்த கோவம் நியாயம்தான்.

எங்கட வகுப்புப் பெடியன் ஒருத்தன்ர மகள் போன வருசம் தவறிட்டா. போன் எடுத்தன். நான் ஒண்டும் சொல்லேல்ல, அவனும் கதைக்கேல்ல, இருவது நிமிசம் மூச்சுச் சத்தம் மட்டும். வைக்கேக்க "நாளைக்கும் எடுப்பியாடா?" எண்டான்.

எடுத்தன்.