ஆப்பைத் திருப்பிப் போட்ட கதை: எஸ்ஜே413-ன் ஷாஃப்ட் அதிர்வு

கடந்த ஞாயிறு விடியற்காலையில் பட்டர்வொர்த்திலிருந்து சுங்கை பட்டாணி வரை 72 கிலோமீட்டர் வேகத்தில் சென்று திரும்பினேன். பின்னால் வந்த லாரியின் முகப்பு என் பின்பார்வைக் கண்ணாடியில் கலங்காமல் தெரிந்தது. மற்றவர்களுக்கு இது ஒரு செய்தியே அன்று. என்னுடைய 1988 ஆம் ஆண்டுச் சுசுகி எஸ்ஜே413 ஜீப்பில் ஏழு மாதங்களாக நடக்காத காரியம்.

பின்புற ஸ்பிரிங்குகளுக்கு நீளமான ஷேக்கிள் (ஸ்பிரிங்கின் முனையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் தகடு) போட்டு வண்டியை உயர்த்திய நாளிலிருந்து, 65-ஐத் தாண்டினாலே தரை முழுவதும் ரீங்காரமிட்டது. நியூட்ரலில் உருளவிட்டாலும் அது குறையாததால் எஞ்சின்மேல் பழிபோட வழியில்லை. பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டைக் கழற்றி, எடைச் சமநிலை பார்க்க ஒரு பட்டறையில் கொடுத்தேன். 180 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வாங்கிக்கொண்டு, இரண்டு சிறிய எடைகளைப் பற்றவைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். ஷாஃப்டின் இரு முனைகளிலும் மடங்கிச் சுழலும் கிராஸ் ஜாயின்ட்டுகளையும் மாற்றினேன், அவற்றைப் பிடிக்கும் கவைகளான யோக்குகள் ஒரே நேரில் இருப்பதையும் சரிபார்த்தேன். அதிர்வு அப்படியே இருந்தது.

செலவு செய்வதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டிய கணக்கை அதன் பிறகுதான் போட்டேன். 72 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு 20 மீட்டர். சாக்கட்டியால் குறியிட்டு அளந்ததில் டயர் ஒரு சுற்றுக்கு 2.05 மீட்டர் உருள்கிறது. பின் சக்கர அச்சின் பல்சக்கரப் பெட்டியான டிஃப்பின் விகிதம் 3.727, ஆகவே பின் ஷாஃப்ட் வினாடிக்கு ஏறத்தாழ 36 முறை சுற்றுகிறது. எடைச் சமநிலை தவறியிருந்தால் அதிர்வு 36 ஹெர்ட்ஸில் வர வேண்டும். கோணம் தவறியிருந்தால், கிராஸ் ஜாயின்ட் ஒரு சுற்றுக்கு இருமுறை வேகம் கூடிக் குறைவதால், 73-ல் வர வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸின் சுழற்சியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) தனியாக இருக்கும் வண்டி என்பதால், அதற்கும் கியர்பாக்ஸுக்கும் இடையிலுள்ள குட்டை ஷாஃப்ட் 1.409 மடங்கு வேகத்தில், அதாவது 51 முறை சுற்றும். மூன்று எண்களும் ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகி நிற்பது நம் அதிர்ஷ்டம்.

இருக்கை போல்ட்டின் அருகே பழைய கைப்பேசியை ஒட்டி அளந்தபோது 27 என்று காட்டியது. எந்தக் கணக்கிலும் சேராத அந்த எண்ணோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன். அந்தக் கைப்பேசி வினாடிக்கு 100 முறை மட்டுமே அளவெடுக்கிறது என்பதும், அதனால் 73 என்பது 100-லிருந்து மடங்கி (100 − 73) 27 ஆகத் தெரிகிறது என்பதும் பிறகுதான் உறைத்தது. தங்கை மகனின் புதிய கைப்பேசியைக் கடன் வாங்கி, அவனையே பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டினேன். "மாமா, 73-லேயே நிற்குது" என்றான். 180 வெள்ளி வீண் என்பது அந்த நொடியில் உறுதியாயிற்று.

சக்கரங்கள் தரையில் எடையோடு நிற்கும் நிலையில், ஷாஃப்டின் முனைகளைக் கழற்றி, காந்தக் கோணமானியால் ஃபிளாஞ்ச்களை (ஷாஃப்ட் வந்து பூட்டும் தட்டுகளை) அளந்தேன். டிரான்ஸ்ஃபர் கேஸ் அச்சு பின்னோக்கி 2 டிகிரி சரிகிறது. ஷாஃப்ட் 11 டிகிரி சரிகிறது. டிஃப்பில் ஷாஃப்ட் வந்து சேரும் பினியனின் மூக்கோ 5.5 டிகிரி மேலே பார்க்கிறது. ஆக முன் ஜாயின்ட்டில் 9 டிகிரி, பின் ஜாயின்ட்டில் 5.5 டிகிரி. முன்னது உண்டாக்கும் துடிப்பைப் பின்னது அழிக்க வேண்டுமென்றால் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். பட்டை ஸ்பிரிங் வண்டியில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மூக்கு இன்னும் சற்று உயரும் என்பதால், தேவையான 3.5 டிகிரியைவிட அரை டிகிரி கூடுதலாகவே தாழ்த்தலாம் என்று, ஸ்பிரிங்குக்கும் சக்கர அச்சான ஆக்ஸிலுக்கும் இடையில் வைக்கும் 4 டிகிரி ஆப்பு வாங்கினேன்.

இங்கேதான் ஆப்பசைத்த குரங்கானேன். இணையத்தில் பார்த்த காணொளிகள் எல்லாம் ஆக்ஸிலுக்கு மேலே ஸ்பிரிங் இருக்கும் பிக்கப் வண்டிகளுக்கானவை. மூக்கைத் தாழ்த்தத் தடித்த பக்கம் முன்னோக்கி இருக்க வேண்டும் என்று அவை காட்டின. எஸ்ஜேயில் ஸ்பிரிங் ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கிறது என்பதை மறந்து அப்படியே பூட்டினேன். மூக்கு 9.5 டிகிரிக்கு ஏறி, பின் ஜாயின்ட் 1.5 டிகிரியில் கிட்டத்தட்ட நேராயிற்று. கண்ணுக்கு அவ்வளவு அழகாக இருந்தது! ஓட்டியபோது கண்ணாடி கழன்றுவிடும் போலிருந்தது, ஏனெனில் முன் ஜாயின்ட்டின் துடிப்பை எதிர்க்க இப்போது பின்னால் ஆளே இல்லை. தடித்த பக்கத்தைப் பின்னோக்கித் திருப்பியதும் மூக்கு 1.5-க்கு இறங்கியது, 73 ஹெர்ட்ஸ் முகடு கரைந்தது.

முதலில் வாங்கிய அலுமினிய ஆப்பை, ஆக்ஸிலையும் ஸ்பிரிங்கையும் சேர்த்துக் கட்டும் யூ-போல்ட்டின் இறுக்கமே நசுக்கிவிட்டது. புக்கிட் மெர்தாஜாமில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் ஒரு சீனத் தவுக்கே (முதலாளி), இரும்பில் இரண்டு ஆப்புகளை 70 வெள்ளிக்குச் செய்து தந்ததோடு, ஆப்பின் தடிமனுக்கேற்பத் தலை உயர்ந்த சென்டர் போல்ட்டுகளையும் (ஸ்பிரிங் பட்டைகளைக் கோத்துப் பிடிப்பவை) கடைந்து தந்தார். அந்தத் தலை ஆக்ஸில் திண்டின் குழியில் உட்காராவிட்டால் ஆக்ஸிலே நகரும் என்பதை எனக்குச் சொன்னவரும் அவர்தான். யூ-போல்ட்டுகளைப் புதிதாகவே போட்டேன். 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்கியபோது கால் சுற்று வாங்கியது.

ஒரு முனையில் இரண்டு ஜாயின்ட்டுகள் அடுத்தடுத்து இருக்கும் இரட்டை ஜாயின்ட் ஷாஃப்டுக்கு மாறும் ஆசையும் இருக்கிறது. ஆனால் அப்போது பினியன் நேராக டிரான்ஸ்ஃபர் கேஸை நோக்க வேண்டும், இந்த ஆப்புகள் காயலான் கடைக்குப் போகும். அதற்கு முன்பு, கைப்பேசிப் பதிவில், குட்டை ஷாஃப்டின் எண்ணான 51-ன் அருகே தலைகாட்டும் சிறு மேட்டைக் கவனிக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸின் மூன்று ரப்பர் தாங்கிகளில் ஒன்றில் விரல் நுழையும் அளவு வெடிப்பு தெரிகிறது. புதியவை இன்னும் வந்து சேரவில்லை.