ஐந்து நாய்களும் மூன்று கையெழுத்தும்

ஆரையம்பதியில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டில் இரண்டு நாய் வரை வளர்க்கலாம் என்பது வீட்டுச் சொந்தக்காரரோடு பேசிக்கொண்ட பேச்சு. இப்போது வளவுக்குள் ஐந்து நிற்கின்றன. வீரனும் சுந்தரியும் என்னுடையவை. மற்ற மூன்றும் ஒழுங்கை முனையில் தனியாக இருந்த ஆச்சி வளர்த்தவை. ஆச்சி மாசியில் மோசம் போனார். பிள்ளைகள் கொழும்பிலிருந்து வந்து காரியங்களை முடித்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நாய்கள் பூட்டிய படலையை விட்டு அசையவில்லை. நான் சோறு கொண்டுபோய் வைத்தேன், பிறகு அவை என் சைக்கிளுக்குப் பின்னால் வரத் தொடங்கின.

வீட்டுச் சொந்தக்காரர் சுவிஸில் இருக்கிறார். வாட்சப்பில் விஷயத்தைச் சொன்னேன். “பக்கத்து வீட்டு ஆக்கள் மூண்டு பேரும் ஓம் எண்டு எழுதித் தந்தா எனக்குப் பிரச்சினை இல்ல தங்கச்சி” என்றார். நியாயமான பேச்சு. இரவில் அவை குரைத்தால் எழும்புவது சுவிஸில் இருக்கிற அவர் இல்லையே.

ஐந்தையும் பிரதேச சபையில் பதிந்திருக்கிறேன். நாய்களை வருடந்தோறும் பதிய வேண்டும் என்ற கட்டளைச் சட்டம் 1901 ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. எங்கள் பக்கம் அதைக் கவனிக்கிறவர்கள் குறைவு. ஆனால் அந்தப் பதிவுத் துண்டைக் காட்டி அயலவர் வாயை அடைக்க எனக்கு விருப்பமில்லை. வேலிக்கு இரண்டு பக்கமும் இன்னும் எத்தனையோ வருடம் முகம் பார்க்க வேண்டியவர்கள் நாங்கள்.

முதலில் இடப்பக்கத்து ராத்தாவிடம் போனேன். எங்கள் ஒழுங்கை காத்தான்குடி எல்லையை ஒட்டியது. தமிழ் வீடும் முஸ்லிம் வீடும் மாறி மாறி இருக்கின்றன. ராத்தாவுக்கு நாய் பிடிக்காது என்று எல்லாரும் சொல்வார்கள். அவரோடு குந்தியிருந்து பேசிய பிறகுதான் சங்கதி விளங்கியது. “நாய வெறுக்கிற எண்டு இல்ல புள்ள. அது வாய் வெச்சாலோ, ஈரத்தோட உடுப்புல பட்டாலோ ஏழு தரம் கழுவோணும், அதுல ஒரு தரம் மண் கலந்த தண்ணி. கழுவாம அந்த உடுப்போட தொழ ஏலா. காஞ்ச நாய் காஞ்ச உடுப்புல பட்டா ஒண்டுமில்ல. மாரிக்குத்தான் கரைச்சல்.”

இங்கே ஐப்பசி கடைசியில் தொடங்கும் மழை தை வரை விட்டு விட்டு அடிக்கும். நனைந்த நாய் வேலி ஓட்டைக்குள்ளால் நுழைந்து அவருடைய கொடிக்குக் கீழே உடம்பை உதறினால் அவர் என்ன செய்வார்? வயதான மனுஷி, முழங்கால் நோவோடு அத்தனையையும் திரும்ப ஊறப்போட வேண்டும். அன்றைக்கே சொன்னேன், கிடுகு வேலிக்கு உட்பக்கமாக ஒரு பாகம் தள்ளிக் கம்பி வலை அடிக்கிறேன் என்று. அவர் கேட்ட இரண்டாவது காரியம் சுபஹுத் தொழுகை நேரம். விடியப்புறம் இருட்டோடு ஆண்கள் பள்ளிக்குச் சைக்கிளில் போகும்போது நாய்கள் படலைக்கு வந்து குரைக்கின்றன; ஒரு வயதான காக்கா விழப் பார்த்தாராம். அதற்காகப் பின்பக்கம் தகரக் கொட்டில் ஒன்று போட்டேன். இரவுச் சாப்பாட்டோடு ஐந்தும் உள்ளே. நன்றாக விடிந்த பிறகுதான் திறக்கிறேன். ராத்தா கையெழுத்து வைத்துவிட்டு, இனிமேல் மீன் தலை இருந்தால் எறியாமல் வைக்கிறேன், வந்து எடுத்துக்கொண்டு போ என்றும் சொன்னார்.

எதிர் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. அவளுடைய பயம் விசர்நாய்க்கடி. அந்தப் பயம் சரியானது, ஏனென்றால் அந்த நோய்க்கு அறிகுறி வந்த பிறகு வைத்தியமே இல்லை என்று சொல்லலாம். ஐந்து நாய்களின் தடுப்பூசி அட்டைகளையும் அவள் மேசையில் விரித்து வைத்தேன். வருடத்துக்கு ஒருமுறை ஊசி. சுகாதாரப் பகுதி ஊருக்குள் வந்து போடும்போது காசு இல்லை. “அப்பயும் கடிச்சா என்னக்கா செய்யிற?” என்றாள். காயத்தை ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடமாவது கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாயைக் கொல்லாமல், துரத்தாமல், கட்டி வைத்து 14 நாள் பார்க்க வேண்டும். யாருடைய நாய் என்று தெரிந்தால்தானே கட்டி வைத்துப் பார்க்கலாம்? அட்டையும் ஆளும் இல்லாத நாய் கடித்தால்தான் பெரிய ஆபத்து. அவள் இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கையெழுத்துத் தந்தாள்.

வலப்பக்கத்து ஐயாதான் மிச்சம். அவருக்குக் கோழி இருக்கிறது. ஆச்சியின் கறுப்பி வந்த கிழமையே ஒரு பேட்டைக் கவ்விவிட்டது. காசைக் கொடுத்தேன், வாங்கினார், ஆனால் கோபம் தணியவில்லை. “முந்தி எண்டா சபையால வந்து புடிச்சி முடிச்சிருவானுகள்” என்கிறார். 2006 இல் அரசாங்கம் தெருநாய்களைக் கொல்வதை நிறுத்தியதை அவர் இன்னும் மனதுக்குள் ஏற்றுக்கொள்ளவில்லை. “மூண்டையும் வாவிக் கரையில கொண்டு விடு” என்பதுதான் அவர் சொல்லும் வழி.

அதை மட்டும் நான் செய்யமாட்டேன். சந்தையடியிலும் கோயிலடியிலும் வாவிக் கரையிலும் சாக்கில் கட்டி விடப்படுகிற குட்டிகளை இந்த ஊரில் எல்லாரும் கண்டிருக்கிறோம். பெரும்பாலும் பெட்டைக் குட்டிகள்தான். ஒரு பெட்டை நாய் வருடத்தில் இரண்டு தரம் குட்டி போடும். அதற்காகத்தான் கடன்பட்டாவது சுந்தரிக்கும் கறுப்பிக்கும் மிருக வைத்தியரிடம் கருத்தடை செய்வித்தேன். ஊசி போட்டு, குட்டி போடாமல் செய்த நாய்களை இந்த ஒழுங்கையிலிருந்து அகற்றினால் அந்த இடம் வெறுமையாக இருக்காது. ஊசி போடாத வேறு நாய்கள் வந்து குந்தும். ஓர் இடத்தில் நூற்றுக்கு எழுபது நாய்களுக்காவது ஊசி போட்டிருந்தால்தான் விசர்நோய் பரவாமல் நிற்கும் என்பது உலகம் முழுவதும் சுகாதாரப் பகுதியினர் வைத்திருக்கும் கணக்கு. என்னுடைய ஐந்தும் அந்த எழுபதுக்குள் சேர்ந்தவை. ஐயாவின் பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் அந்தக் காவல்.

மத்தியஸ்த சபைக்குப் போகப் போவதாக ஐயா கிராம சேவகரிடம் சொன்னாராம். போகட்டும், நானும் வருகிறேன். 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த சபை அது. மத்தியஸ்தர் மூன்று பேர் இருந்து இரண்டு பக்கமும் கேட்பார்கள், சட்டத்தரணி தேவையில்லை, தீர்ப்பு என்று எதையும் திணிக்கமாட்டார்கள். அங்கே நான் சொல்லப் போவதை ஐயாவிடம் இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன். கோழிக்கூட்டுக்கு வலை அடித்துத் தருகிறேன். இனி ஒரு கோழி போனாலும் சந்தை விலை தருகிறேன். பீயை நாளுக்கு இரண்டு தரம் அள்ளித் தென்னைக்கடியில் தாட்டுவிடுகிறேன். இந்த ஐந்தும் இருக்கும் வரை ஆறாவது நாய் இந்த வளவுக்குள் வராது.

கடிதத்தை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார், ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. நேற்று அவருடைய மகன் வேலியடியில் வந்து, வலை எத்தனை அடி உயரத்தில் அடிப்பீர்கள் என்று கேட்டான். ஆறடி என்றேன். சனிக்கிழமை காத்தான்குடிக் கடையில் வலை வாங்கப் போகும்போது தன்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறான்.