தமிழ்ச் சரங்கள் உள்ள பைத்தான் நிரலுக்கு நடைச் சோதனை

கடலூர் மாவட்டத்தின் மழையளவை வட்டவாரியாகத் தொகுத்து, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தமிழ்க் குறுஞ்செய்தியாக அனுப்பும் சிறிய பைத்தான் நிரல் ஒன்றைப் புதுச்சேரியிலும் கடலூரிலும் இருக்கும் நண்பர்கள் சிலர் சேர்ந்து பராமரித்து வருகிறோம். அளவு பதிவாகாத நாளைச் சுழியமாகக் கொள்வதா, கணக்கிலிருந்து விட்டுவிடுவதா என்று விவாதிக்க வேண்டிய நிரல் சீராய்வுகளில், சரங்களுக்கு, அதாவது நிரலுக்குள் வரும் உரைத் துண்டுகளுக்கு, ஒற்றை மேற்கோள் குறியா இரட்டையா என்ற பேச்சே மிகுந்து வந்ததால், நடை பற்றிய தீர்ப்பை முழுவதுமாகக் கருவிகளிடம் ஒப்படைத்தோம்.

பைத்தானுக்கு 2001 முதலே பெப் 8 என்னும் நடைக் கையேடு உண்டு. உள்தள்ளலுக்கு நான்கு இடைவெளி, வரிக்கு 79 எழுத்து என்பன போன்ற அதன் விதிகளை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. 2018இல் வந்த பிளாக் என்னும் கருவி, யாரிடமும் கருத்துக் கேட்காமல் கோப்பையே திருத்தி எழுதிவிடுகிறது. அந்தப் பிடிவாதம்தான் அதன் சிறப்பு என்பேன். ஃபிளேக்8 என்னும் மற்றொரு கருவி எதையும் திருத்தாது. பயன்படாத இம்போர்ட் (வேறு தொகுதியை வரவழைக்கும் வரி), பிழையின் வகை குறிப்பிடாத எக்செப்ட் (பிழையைப் பிடிக்கும் பகுதி) போன்றவற்றைச் சுட்டிக்காட்டும். ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட ரஃப் இவ்விரு வேலைகளையும் மிக விரைவாகச் செய்வதால், புதிதாகத் தொடங்குவோர் அதையே எடுத்துக்கொள்ளலாம். எங்களிடம் ஃபிளேக்8 முன்பே இருந்தது, தொடர்கிறோம். பிளாக்கின் வரி வரம்பு 88, ஃபிளேக்8இன் வரம்பு 79 என்பதால், அமைவுக் கோப்பில் இரண்டையும் ஒன்றாக்காவிட்டால் முன்னது அமைத்துத் தந்த வரியைப் பின்னது குறை சொல்லும்.

இவற்றை ஒவ்வொரு கமிட்டுக்கும் (கிட் என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவியில் ஒரு மாற்றத்தைப் பதிவதற்கு) முன் தானாக ஓடவைப்பது பிரீ-கமிட் என்னும் கருவி. ஆனால் அவசரத்தில் இருப்பவர் ஒரு தேர்வுச்சொல்லைச் சேர்த்து அதைத் தாண்டிவிட முடியும் என்பதால், மாற்றத்தை முதன்மை நிரலில் சேர்க்கக் கேட்கும் இணைப்புக் கோரிக்கை வந்ததும் சர்வரிலும் அதே சோதனை, அதே பதிப்புகளோடு, ஓட வேண்டும். பழைய கோப்புகள் அனைத்தையும் பிளாக் சீர்படுத்திய மாற்றத்தைத் தனிக் கமிட்டாக வைத்து, வரிக்கு வரி எழுதியவரைக் காட்டும் கிட் பிளேம் கட்டளை அதைக் கணக்கில் கொள்ளாதபடி புறக்கணிப்புப் பட்டியலில் சேர்ப்பதும் அவசியம்; இல்லாவிட்டால் எந்த வரியை யார் எழுதினார் என்று தேடும்போதெல்லாம் அந்த ஒரே கமிட்டுதான் வந்து நிற்கும்.

இதுவரை சொன்னது எந்த மொழிக்காரருக்கும் பொருந்தும். தமிழ்ச் சரங்களில்தான் தனிச் சிக்கல் தொடங்குகிறது. வரி நீளத்தை ஃபிளேக்8, புள்ளிக்கும் உயிர்க்குறிக்கும்கூடத் தனி எண் தரும் யூனிகோடு குறியெண்களாக எண்ணுகிறது; நாம் எழுத்துகளாகப் படிக்கிறோம். காட்டுமன்னார்கோயில் என்பது நமக்குப் பத்து எழுத்து, கருவிக்கோ 19. கண்ணுக்கு அடக்கமாகத் தெரியும் ஒரு செய்தி வரம்பை மீறியதாகப் புகார் வரும். நீண்ட சரங்களைப் பிளாக்கும் இயல்பாக உடைப்பதில்லை. வரம்புக்காகச் செய்தியைத் துண்டாக்கினால் மொழிநடையைச் சரிபார்ப்பவருக்கு வாக்கியம் முழுதாகக் கிடைக்காது. ஆகவே செய்திகளை எல்லாம் தனிக் கோப்புக்கு மாற்றி, அந்தக் கோப்புக்கு மட்டும் நீள விதியை நிறுத்தி வைத்திருக்கிறோம். வரம்பையே 200 ஆக்கிவிடலாம் என்ற யோசனையும் வந்தது. அது மற்றக் கோப்புகளையும் கெடுக்கும்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது. 'கோ' என்பதில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் சேமிக்கலாம். இரட்டைக்கொம்பும் (ே) காலும் (ா) என இரு குறியெண்களாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே, ஒப்பிட்டால் வேறு; வட்டத்தின் பெயரைக் கொண்டு மழையளவைத் தேடும்போது விடை கிடைக்காது. இதை நாங்கள் பயன்படுத்தும் நடைக் கருவிகள் கவனிப்பதில்லை. பைத்தானின் யூனிகோடுடேட்டா தொகுதியில், சரம் என்எஃப்சி வடிவில் (இத்தகைய குறியை ஒரே குறியெண்ணாகச் சேர்த்து வைக்கும் யூனிகோடு வடிவம்) இருக்கிறதா என்று பார்க்கும் செயற்கூறு 3.8 பதிப்பிலிருந்து உண்டு. அதை அழைக்கும் சிறு நிரலைப் பிரீ-கமிட்டின் உள்ளகச் சோதனையாகச் சேர்த்திருக்கிறோம். வட்டப் பெயர்களைப் பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டுபவர்களைத்தான் இது பெரும்பாலும் தடுத்து நிறுத்துகிறது.