சாரதி இருக்கையின் தோல் முந்திப் பழுதாவது ஏன்?

சாரதி இருக்கையின் கதவுப் பக்க விளிம்பு மட்டும் மற்ற இடங்களுக்கு முன்பே வெளிறி, மெல்லிய கோடுகளாக வெடித்துவிடுகிறது. ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் தொடை உரசுவது அங்கேதான். நிலாவெளிக் கடலில் குளித்துவிட்டு ஈரத்தோடு அமரும்போது உடலில் ஒட்டிய உப்பும் மணலும், வியர்வையோடு சேர்ந்து, இருக்கைத் தோலின் மேலுள்ள பொலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் வகைப் பூச்சைத் தேய்த்துவிடுகின்றன. தேங்காய் எண்ணெய் தடவுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்: அது அந்தப் பூச்சைத் தாண்டி உள்ளே இறங்காது, புழுதியைத்தான் பிடித்து வைக்கும். அழுக்கை மென்மையான தூரிகையால் அகற்றி, எண்ணெய்ப் பசையை ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்து, 600 இலக்க சாண்ட்பேப்பரால் மெதுவாகத் தேய்த்த பின், வெடிப்புகளில் தோலுக்குரிய நிரப்பியை மெல்லிய படைகளாக இட்டு, அது காய்ந்ததும் அதே நிறச் சாயமும் மேற்பூச்சும் பூசினால் இருக்கை பெரும்பாலும் திருந்திவிடும். தையல் விட்டுத் தோல் கிழிந்த இடத்தை மட்டும் குஷன் வேலை தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.