ஏழு டாலர் யாருக்கு, மூணு டாலர் யாருக்கு

வட கரோலினாவோட கிழக்குப் பக்கம் ஒரு சின்ன கவுண்டி, நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. அங்க ஜனங்களுக்கு வரிக் கணக்கு போட்டுக் கொடுக்கிற ஒரு ஆபீஸ்ல பத்து வருஷத்துக்கு மேல வேலை பார்த்தேன். சுத்தி எங்க திரும்பினாலும் புகையிலைதான். ஆகஸ்ட் மாசம் இலைய சூடு காட்டிப் பதப்படுத்துற கொட்டகை பக்கமா போனா ஒரு இனிப்பு வாசனை வரும், இன்னும் மூக்குலயே இருக்கு.

1930கள்ல இருந்து அமெரிக்காவுல புகையிலைக்கு கோட்டா உண்டு. எவ்வளவு விக்கலாம்னு அரசாங்கம் அளவு வைக்கும், அந்த உரிமை நிலத்தோட சேர்ந்தது. அதனால நிலத்துக்காரம்மா டவுன்ல உட்கார்ந்திருப்பாங்க, குத்தகைக்கு எடுத்தவர்தான் வெயில்ல நின்னு பயிர் பண்ணுவார். 2004ல சட்டம் போட்டு இதை மொத்தமா முடிச்சாங்க. ஈடா, கோட்டா வச்சிருந்தவங்களுக்கு பவுண்டுக்கு 7 டாலர், பயிர் பண்ணினவங்களுக்கு 3 டாலர், பத்து வருஷத்துல பிரிச்சு. அந்த 3லயும் 2002, 2003, 2004ன்னு வருஷத்துக்கு ஒரு டாலர் கணக்கு, நடுவுல ஒரு வருஷம் பயிர் வைக்கலைன்னா அந்த ஒரு டாலர் போச்சு.

இதை எல்லாரும் மானியம்னுதான் சொல்வாங்க. ஆனா காசு சிகரெட் கம்பெனிங்க, இறக்குமதி பண்றவங்க கிட்ட வசூல் பண்ணினது.

ஒரு பெரியவர், எழுபதை நெருங்கினவர், வருஷா வருஷம் எங்கிட்டதான் வருவார். பச்சை இலைய பறிச்சுப் பறிச்சு கையில பிசின் ஏறி கருத்துக் கிடந்த காலத்தைப் பத்தி சொல்லுவார். 10,000 பவுண்டு கணக்குக்கு அவருக்கு வருஷம் 3,000 டாலர். அதே 10,000 பவுண்டுக்கு நிலத்துக்காரம்மாவுக்கு 7,000. அவங்க ஃபைலும் என் மேஜையிலதான். அவங்க மேல எனக்கு கோபம் இல்ல, புருஷன் போனப்புறம் அந்தக் கோட்டா வாடகைலதான் அவங்க வாழ்க்கையே ஓடுச்சு.

என்னால தாங்க முடியாதது வரி. நிலத்துக்காரம்மா பணம் சொத்து வித்த லாபம், அதுக்கு கம்மி வரி. பெரியவரோடது உழைச்ச வருமானம்னு சாதாரண வரியும் போட்டு, அதுக்கு மேல சுயதொழில் வரி 15.3 சதவீதம். ரெண்டு ஃபைலையும் அடுத்தடுத்து டைப் பண்ணும்போது, மண்ணுல நின்னவனுக்கு சின்னப் பங்கு, அதுலயும் பெரிய பிடித்தம்னு என் கையாலயே எழுத வேண்டியிருந்துச்சு, அன்னைக்கு சாப்பாடு இறங்கல. மொத்தமா பணம் வேணும்னு, இந்த பத்து வருஷத் தவணைக்கான காண்ட்ராக்டை பேங்க்குக்கு எழுதிக் கொடுத்தவங்களும் உண்டு, பேங்க் தன் வட்டிய கழிச்சுக்கிட்டுதான் மிச்சத்தைக் கொடுத்துச்சு.

2002ல நாடு முழுக்க 56 ஆயிரத்துக்கு மேல புகையிலைப் பண்ணை, 2007 கணக்கெடுப்புல 16 ஆயிரம் சொச்சம். விலைக்கு இருந்த அரசாங்கப் பாதுகாப்பு போனதும் சின்னவங்க விட்டுட்டாங்க, பெரிய பண்ணைங்க வளந்துச்சு. பெரியவரும் சக்கரவள்ளிக் கிழங்குக்கு மாறிட்டார்.

கடைசி தவணை 2014ல வந்துச்சு. அடுத்த வருஷம் கணக்கு போட வந்த பெரியவர் அந்தத் தவணைக்கு வந்த தாளை நாலா மடிச்சு சட்டைப் பையிலயே வச்சிருந்தார். "இனிமே இது வராதுல்ல?"ன்னார். வராதுன்னேன். பிரதி எடுத்துட்டு திருப்பிக் கொடுத்தேன், அதை அதே மடிப்புலயே மடிச்சு மறுபடி பைக்குள்ள வச்சுக்கிட்டார்.